330 கிராம் ரிவால்வர் வாங்கலாமா?

கேள்வி: டெக்சஸில் ஷுகர் லேண்ட் பக்கம் ஒரு இந்திய மளிகைக் கடை நடத்துகிறேன். வயது 47. இரவு ஒன்பதரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு அன்றைய பணத்தோடு தனியாகத்தான் காருக்குப் போகிறேன். எங்கள் வளாகத்தில் போன மாதம் ஒரு வழிப்பறி நடந்தது. எனக்கும் கணவருக்கும் சென்ற ஆண்டு கிரீன் கார்டு வந்துவிட்டது. கைப்பையில் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு ரிவால்வர் வாங்க நினைக்கிறேன். வலது கட்டைவிரல் மூட்டில் வலி உண்டு; பிஸ்டலின் மேல்பாகத்தை இழுக்க முடியவில்லை. துப்பாக்கிக் கடையில் ஸ்மித் அண்ட் வெசன் 340 பி.டி-யைக் காட்டினார்கள். கையில் எடையே தெரியவில்லை, .357 மேக்னம் சுடும் என்றார்கள். வாங்கலாமா சார்? வீட்டில் 13 வயது மகன் இருக்கிறான். எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் எங்களோடுதான் தங்கியிருக்கிறான். அவனும் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு வருகிறேன் என்கிறான். எங்கள் தாத்தாவிடம் ஊரில் லைசென்ஸோடு ஒரு .32 ரிவால்வர் இருந்தது. அதைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டு ‘வேண்டாம்’களை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பியை ரேஞ்சுக்கு அழைத்துப் போக வேண்டாம். 340 பி.டி-யும் வேண்டாம்.

தம்பி விஷயம்தான் அவசரம். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, விசிட்டர் என்று குடியேற்றமல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. டெக்சஸ் எவ்வளவு தாராளமான மாநிலம் என்பது இங்கே உதவாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டாக வேண்டும். ‘ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சும்மா நாலு ரவுண்டு சுட்டேன், போட்டோ எடுத்துப் போட்டேன்’ என்று நம் பிள்ளைகள் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பதை கிரீன் கார்டாக எண்ணிக்கொள்ள வேண்டாம். தம்பி உங்கள் வீட்டிலேயே இருப்பதால் இன்னொன்றும் இருக்கிறது: துப்பாக்கியை எங்கே வைத்தாலும் அதன் சாவியோ எண்ணோ அவரிடம் இருக்கக் கூடாது. இஷ்டப்பட்டால் எடுக்கலாம் என்ற நிலை இருந்தாலே, அது அவர் வசம் இருப்பதாக வாதிட முடியும்.

உங்களுக்கும் கணவருக்கும் கிரீன் கார்டு இருப்பதால் வாங்கத் தடையில்லை. ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை வந்தால் கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்த அது ஒன்றே போதும். பிறந்ததிலிருந்து இங்கே இருப்பவர் அபராதத்தோடு தப்பிக்கும் இடத்தில் நீங்கள் ஊருக்கே திரும்ப நேரலாம். அதனால் அக்கம்பக்கத்தவரைவிட நீங்கள் ஒரு படி அதிகமாகவே கவனமாக இருக்க வேண்டும்.

இனி ரிவால்வர். 340 பி.டி-யின் உடல் ஸ்காண்டியம் கலந்த அலுமினியம், தோட்டா நிரப்பும் சிலிண்டர் டைட்டானியம், மொத்த எடை சுமார் 330 கிராம். கடையில் தூக்கிப் பார்க்கும்போது யாருக்கும் பிடித்துப்போகும். சுடும்போதுதான் கதை மாறும். தோட்டா முன்னே பாய, துப்பாக்கி பின்னே உதைக்கும். அந்த உதையில் பெரும்பங்கைத் துப்பாக்கியின் எடை வாங்கிக்கொள்ள வேண்டும். எடை இல்லாவிட்டால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் சதையும் உங்கள் வலிக்கிற மூட்டும்தான் வாங்கும். முழு .357 மேக்னத்தை இதில் ஐந்து சுட்டுவிட்டு ஆறாவது சுடவேண்டும் என்று நினைப்பவர்கள் மிகக் குறைவு. நல்ல கை வலு உள்ள ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன். போதாததற்கு, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழலில் மேக்னம் மருந்து முழுதாக எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்ச மருந்து உங்கள் முகத்துக்கு எதிரே காற்றில் எரியும். இருட்டான பார்க்கிங்கில் அந்த வெளிச்சத்துக்குப் பிறகு சில நொடி எதுவுமே சரியாகத் தெரியாது.

இவ்வளவு லேசான துப்பாக்கியில் இன்னொரு வம்பும் இருக்கிறது. முதல் குண்டு சுட்ட அதிர்ச்சியில், சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் ஈயக்குண்டு கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து வந்துவிடும். அது சிலிண்டருக்கு வெளியே தலைநீட்டினால் சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும். 340 பி.டி-யின் குழலிலேயே 120 கிரெயினுக்குக் குறைந்த எடையுள்ள குண்டைப் போடாதே என்று பொறித்திருப்பார்கள்; அது வேறு காரணம், லேசான மேக்னம் குண்டுகளால் டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரித்துப்போகலாம். வாங்குபவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்?

ஆக, உங்களுக்கு .357 தேவையில்லை. .38 ஸ்பெஷல் போதும். 1898-லிருந்து புழக்கத்தில் இருக்கிற தோட்டா; அமெரிக்கப் போலீசார் பல தலைமுறைகளாக இடுப்பில் வைத்திருந்தது. அதிலும் நான் உங்களுக்குச் சொல்வது 148 கிரெயின் வாட்கட்டர். முனை தட்டையாக, டப்பா மூடிபோல இருக்கும். காகித இலக்கில் பஞ்ச் போட்டதுபோல வட்டமாக ஓட்டை விழவேண்டும் என்று போட்டிக்காரர்களுக்காகச் செய்தது. வேகம் குறைவு, உதையும் குறைவு, அதனால் இரண்டாவது குண்டும் நினைத்த இடத்துக்குப் போகும். விரிகிற நவீனக் குண்டுகள் குட்டைக் குழலில் வேகம் போதாமல் பல சமயம் விரிவதே இல்லை. அப்படிப் பார்த்தால் வாட்கட்டரில் நீங்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஒரே தொல்லை, தட்டை முனை சிலிண்டர் ஓட்டையின் விளிம்பில் இடிக்கும், அவசரத்தில் நிரப்ப முடியாது. அதனால் சிலிண்டரில் வாட்கட்டரும், மறுபடி நிரப்ப வைத்திருக்கும் பட்டையில் உருண்டை முனைத் தோட்டாவும் வைத்துக்கொள்வது பலரின் வழக்கம்.

எந்த ரிவால்வர் என்று இனிமேல் பேசலாம். எடையைப் பார்ப்பதற்கு முன் டிரிகரைப் பாருங்கள். சட்டைப்பைக்கான ரிவால்வர்களில், தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் ஹாமர் உள்ளே மறைந்திருக்கும் வகையே நல்லது, துணியில் மாட்டாது. ஆனால் அதில் ஒவ்வொரு முறையும் டிரிகரை முழு நீளத்துக்கு இழுத்தே சுட முடியும். ஸ்மித் அண்ட் வெசனின் ஜே-ஃபிரேம் என்ற சின்ன ரிவால்வர் வகையில் அந்த இழுவை 5 கிலோவுக்கு மேலேயே இருக்கும். உங்கள் கடையில் 10 பவுண்டு அரிசிப் பை இருக்குமே, அதைச் சுட்டுவிரல் ஒன்றால் கொக்கி போட்டு மெதுவாக, ஆடாமல் தூக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான். அரைக் கிலோகூட இல்லாத துப்பாக்கியில் 5 கிலோ இழுக்கும்போது துப்பாக்கி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். குறுங்குழல் ரிவால்வர் குறி தப்புவதற்குக் குழலைக் குறை சொல்வார்கள். குழல் ஒழுங்காகத்தான் இருக்கும், விரல்தான் ஆட்டியிருக்கும்.

இந்த இடத்தில் ருகர் நிறுவனத்தின் எல்.சி.ஆர் ரிவால்வர் உங்களுக்குச் சாதகம். 2009-ல் வந்தது. பார்க்க அழகில்லை, பிளாஸ்டிக் கைப்பிடிப் பகுதியும் செதுக்கித் தள்ளிய சிலிண்டரும் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கேம் அமைப்பால் டிரிகர் இழுவை ஒரே சீராக வரும், கடைசியில் மலைபோல் கனக்காது. அதன் .38 மாடல் சுமார் 385 கிராம்; .357 மாடல் சுமார் 485 கிராம். பழகியவர்கள் செய்யும் வேலை என்ன தெரியுமா? .357 எல்.சி.ஆரை வாங்கி அதில் .38 மட்டும் போடுவார்கள். கூடுதலான அந்த 100 கிராம் கைக்கு நன்றாகத் தெரியும். .357 ரிவால்வரில் .38 போடலாம்; .38-ல் .357-ஐப் போட முடியாது, முயலவும் கூடாது. எல்.சி.ஆரில் ஒரு குணம் மட்டும் கவனம்: சுட்டபின் டிரிகரை முழுதாக முன்னே விடவேண்டும். பாதியில் ஒரு ‘கிளிக்’ கேட்கும், அதை நம்பி மறுபடி இழுத்தால் சுடாது.

ஸ்மித் அண்ட் வெசன்தான் வேண்டும் என்றால் 642. அலுமினிய உடல், மறைந்த ஹாமர், ஐந்து ரவுண்டு .38, எடை 400 கிராமைச் சற்றே தாண்டும். இதற்கு மூதாதை 1950-ல் வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல். அன்றைக்குப் போட்ட அளவு இன்றும் பெரிதாக மாறவில்லை. வழக்கமான 642-ல் முன்குறி ஒரு சின்ன மேடு, பின்குறி வெறும் பள்ளம். 47 வயதுக் கண்ணுக்கு இரண்டுமே மங்கல்.

அப்புறம், உங்கள் தாத்தாவின் .32. அவரிடம் இருந்தது கான்பூர் ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் ரிவால்வராக இருந்தால் அது சுட்டது .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் என்ற தோட்டா. அந்தக் குடும்பத்தின் பெரிய பிள்ளைதான் .32 எச் அண்ட் ஆர் மேக்னம். 2024 தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெசன் 432 யு.சி என்று ஒன்றை இறக்கினார்கள். ஜே-ஃபிரேம் அளவுதான், .32 எச் அண்ட் ஆர், ஐந்துக்குப் பதில் ஆறு ரவுண்டு. கண்ணுக்குத் தெரிகிற குறி, கையை மேலே ஏற்றிப் பிடிக்க வசதியான கைப்பிடி, எடை சுமார் 450 கிராம். உதை .38-ஐவிடத் தெளிவாகக் குறைவு. பயிற்சிக்குத் தாத்தாவின் தோட்டாவையே இதில் போடலாம். என் கைக்குக் கேட்டால் இதைத்தான் எடுப்பேன். தடை ஒன்றே: .32 தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் .38-ஐவிட விலை கூட. மூட்டு வலி அதிகமாக இருந்தால் எட்டு ரவுண்டு .22 எல்.சி.ஆர் இருக்கிறது. ஆனால் .22 தோட்டா, அடிப்பக்க விளிம்பில் தட்டிப் பற்றவைக்கும் வகை. தோட்டா சில சமயம் பற்றாது. கடைசித் தெரிவாக வையுங்கள்.

மேல்பாகத்தை இழுக்க முடியவில்லை என்பது மட்டும்தான் ரிவால்வருக்குக் காரணம் என்றால், முடிவெடுக்கும் முன் ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்டு ஈ.இசட் .380 பிஸ்டலையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். விரல் வலு குறைந்தவர்களுக்கென்றே செய்தது. ஜே-ஃபிரேமின் டிரிகரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பலர் இதில் சுலபமாகச் சுடுவார்கள்.

எதையும் சுடாமல் வாங்காதீர்கள். ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்குத் தரும் ரேஞ்சுகள் நிறைய. எல்.சி.ஆரையும் 642-ஐயும் எடுத்து, ஐந்து கெஜ தூரத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி, அவசரப்படாமல் ஐந்து சுடுங்கள். நிரப்பி இன்னும் ஐந்து. நாலாவது முறை நிரப்பும்போது கை நடுங்குகிறதா, கண் தானாக மூடுகிறதா, ‘போதும்’ என்று தோன்றுகிறதா என்று பாருங்கள். எதில் ஐந்தும் தட்டுக்குள் விழுகிறதோ, எதைச் சுட்டபின் அடுத்த வாரமும் வரலாம் என்று தோன்றுகிறதோ அதை வாங்குங்கள். கடைக்காரர் சொன்னதையும் நான் சொன்னதையும் அப்புறம் மறந்துவிடலாம். பிடிக்கும்போது ஒன்று: பிஸ்டல்போல இடது கட்டைவிரலை முன்னே நீட்டி வைக்காதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். கட்டைவிரல்கள் இரண்டும் கைப்பிடிமேல் மடங்கி இருக்கட்டும்.

‘ரிவால்வர் சிக்கவே சிக்காது, பிஸ்டல்தான் சிக்கும்’ என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பிஸ்டல் அளவுக்குச் சிக்காது என்பது சரி. ஆனால் சிக்கினால் கையால் தட்டிச் சரிசெய்ய முடியாது. குட்டை ரிவால்வரில் காலிக் கூட்டை வெளியே தள்ளும் கம்பியும் குட்டை; .38 கூட்டின் நீளத்துக்கு அது வராது. நிதானமாக அழுத்தினால் கூடுகள் பாதி வெளியே வந்து தொங்கும். துப்பாக்கியைக் கிடையாகப் பிடித்து அழுத்தினால் ஒரு கூடு நழுவி, தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்க நகமும் பொறுமையும் வேண்டும். சரியான முறை, சிலிண்டரைத் திறந்து, குழலை நேராக வானத்துக்குத் திருப்பி, உள்ளங்கையால் ஒரே அடி. அப்படியே விழுந்துவிடும். எரியாத மருந்துத் துகள் அந்தத் தகட்டுக்கு அடியில் சேர்ந்தாலும் சிலிண்டர் மூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை ரேஞ்சுப் பையில் வைத்திருங்கள்.

இப்போது கைப்பை. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வழிப்பறிக்காரன் முதலில் பிடுங்குவது எதை? கைப்பையைத்தானே. அதோடு துப்பாக்கியும் போய்விடும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் ஊர் வால்மார்ட்டில், வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டது. தாய் அங்கேயே இறந்தார். மறைத்து வைப்பதற்கென்று தனி அறை வைத்துத் தைத்த பைதான் அது. துப்பாக்கி உடம்போடுதான் இருக்க வேண்டும். கடையில் நீங்கள் குர்த்தியும் ஜீன்ஸும் போடுபவராக இருந்தால் வேலை சுலபம்: தொடை வரை வரும் தளர்வான குர்த்திக்குள் இடுப்பின் முன்பக்கம் ஒரு ஜே-ஃபிரேம் இருப்பது யாருக்கும் தெரியாது. சல்வார் நாடாவில் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, நிற்காது. அதற்கு வயிற்றைச் சுற்றும் பட்டை உண்டு. ஆனால் டிரிகரை மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை அதில் பொருத்தியிருக்க வேண்டும். வெறும் துணிப் பை ஆகாது. பாக்கெட்டில் வைத்தால் பாக்கெட் ஹோல்ஸ்டரோடு, அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும், ஒரு சாவிகூட இல்லாமல்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1-லிருந்து, சட்டப்படி தடையில்லாத 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். இருந்தாலும் எல்.டி.சி எனப்படும் உரிமத்தை எடுத்துவிடுங்கள். கட்டணம் 40 டாலர். வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம். சுடும் தேர்வில் 3, 7, 15 கெஜ தூரங்களில் 50 ரவுண்டு; 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் இல்லாமல், நிரப்பிய துப்பாக்கியோடு மகனின் பள்ளியை ஒட்டிய சாலையில் போனாலே சிக்கல்தான். பள்ளிக் கட்டடத்துக்குள் உரிமம் இருந்தாலும் கூடாது. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மது விற்று வரும் இடங்களின் வாசலில் சிவப்பு எழுத்தில் ‘51%’ என்று இருக்கும், அங்கேயும் கூடாது. 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு துப்பாக்கிக்குத் தடை சொல்லும் பலகைகளைப் படிக்கப் பழகுங்கள். கோயில் வாசலிலும் பாருங்கள், அங்கேயும் மாட்டியிருக்கலாம்.

மகன் விஷயம். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை எடுக்கும்படி நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சஸில் குற்றம். வீட்டுக்கு வந்ததும் இடுப்பிலிருந்து நேராகப் பெட்டிக்குள் போகட்டும். எண் அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி, கேபிளால் கட்டிலோடு பூட்டியது. மகனிடம் மறைக்காதீர்கள். இருக்கிறது என்று சொல்லுங்கள், எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். 13 வயதுப் பையன் உங்கள் பிறந்த நாளையும் கல்யாண நாளையும் முதலில் போட்டுப் பார்ப்பான்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்தப் பணம். இரவில் பொருளைத் திருடிக்கொண்டு ஓடுபவன்மேல்கூடச் சில நிலைமைகளில் சுடலாம் என்று டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 9.42 பிரிவு சொல்கிறது. உங்கள் வாடிக்கையாளர் யாராவது அதை உற்சாகமாகச் சொல்லியிருப்பார். அதை நம்பிக் கையை வைக்காதீர்கள். பணத்தைக் கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் கல்லாப் பணம் எவ்வளவாக இருந்தாலும், அதைவிட ஒரு வழக்கறிஞரின் முதல் வாரக் கட்டணம் அதிகம். பணத்தை வாங்கியபின்னும் அவன் உங்களை வேனுக்குள் ஏறச் சொன்னால், அந்த நிமிடத்துக்குத்தான் இடுப்பில் இருப்பது. அதைவிட நல்லது, பூட்டும் நேரத்தை மாற்றுங்கள். பணத்தைப் பகலிலேயே கணவரோடு வங்கிக்கு அனுப்புங்கள். காரை வாசல் விளக்குக்குக் கீழே நிறுத்துங்கள். இதற்கெல்லாம் உரிமமும் வேண்டாம், தோட்டாவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை நம் ஆட்களுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேஞ்சுக்கு ஒரு தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையை எந்தக் காலத்திலும் ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலையத்தின் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்தது என்று நீதிமன்றம் வழக்கை ரத்து செய்த சம்பவங்கள் இந்தியாவில் பல உண்டு. ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டையும் லீவையும் யார் திருப்பித் தருவது? ரேஞ்சுக்குப் போட்டுப்போன ஜாக்கெட்டின் பைகளையும் டிக்கெட் போடும் அன்றே உதறிப் பார்த்துவிடுங்கள்.